நாயும் படலையும்

வன்னிநாட்டில் நாயில்லாத வளவு அரிது. களத்து நெல்லைக் காத்தலும், தோட்டத்தில் நுழையும் பன்றியையும் குரங்கையும் துரத்தலும், இரவில் அயலார் வரவை அறிவித்தலும் அதன் தொழில்கள். இத்துணை உழைக்கும் பிராணிக்குச் சோறிடுதலன்றி வேறு கடமை தமக்கில்லை என்றே நம்மவரிற் பலர் எண்ணுகின்றனர். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு நோக்கிச் செல்லும் வீதியிலும் அதனைச் சேரும் ஒழுங்கைகளிலும், துவிச்சக்கர வண்டியிற் பாடசாலை செல்லும் சிறாரைத் துரத்தும் நாய்கள், நாம் கண்ட அளவில், பெரும்பாலும் உடையவரற்றவை அல்ல. படலை திறந்துகிடக்கும் வீடுகளின் நாய்களே.

2008ஆம் ஆண்டின் இடப்பெயர்வில் ஊர் வெறுமையாயிற்று. மக்கள் மீண்டபோது வேலி அடைப்பதற்கு முன்னரே காவலுக்கு நாய் வேண்டியிருந்தது. அன்று அது தவறன்று. இன்று மதில் எழுந்த வீட்டிலும் நாய் வீதியிலேயே வாழ்கின்றது என்பதுதான் வியப்பு!

கடியினும் கொடியது விசர்நோய். 1885ஆம் ஆண்டில் லூயி பாஸ்டர் அதற்குத் தடுப்பூசி கண்டு ஒரு சிறுவனுக்கு முதன்முறை ஏற்றினார். இலங்கையில் 1893ஆம் ஆண்டிலேயே இந்நோய் பற்றிய சட்டம் பிறந்தது. 1901ஆம் ஆண்டுச் சட்டமோ நாயைப் பதிவுசெய்யும் கடமையை உடையவர்மீதே சுமத்தியது. எனினும் 1973ஆம் ஆண்டில் இந்நாட்டில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். நாய்களுக்கு ஊசி ஏற்றும் பணி பரவியதனாலும் கடிபட்டோர்க்குச் சிகிச்சை கிட்டியதனாலும் அத்தொகை அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு இருபது, முப்பது என்ற அளவிற்குக் குறைந்துள்ளது. அவ்விருபதின்மரும் இறந்திருக்க வேண்டியவர் அல்லர்.

கடிபட்ட இடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரிற் கால்மணி நேரம் கழுவுக. சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், கோப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் கேடு. உடனே அரசினர் வைத்தியசாலைக்குச் செல்க, ஊசிக்குக் கட்டணமில்லை. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தல் அரிதினும் அரிது. "குட்டிதானே, கீறியதுதானே" என்று இருப்பது பேராபத்து. குட்டிக்கும் விசர் உண்டு. கடித்த நாயை அடித்துக் கொல்லாது, பிறரை அணுகவிடாது இருவாரம் கட்டிவைத்து நோக்குதல் வேண்டும்.

உண்ணும் நாயையும் குட்டியீன்ற நாயையும் நெருங்கலாகாது என்பதைச் சிறார்க்குப் பெற்றோரே சொல்லிவைக்க வேண்டும். துரத்தும் நாய்க்கு முன் ஓடாது அசையாமல் நின்றால் அது பெரும்பாலும் விலகிவிடும். நாள்முழுதும் சங்கிலியிற் கிடக்கும் நாயும் மூர்க்கமடையும். ஆதலின் அடைத்த வளவினுள் உலவவிடுதலே நன்று. ஆண்டுதோறும் ஊசி ஏற்றி, அட்டையைப் பேணுதல் உடையவர் கடன்.

இன்னுமொன்று. பெட்டைக்குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையடியில் விட்டுவரும் வழக்கம் நம்மிடையே உண்டு. தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் முறையை அரசு 2006ஆம் ஆண்டில் நிறுத்தியது. கருத்தடையே எஞ்சிய வழி. அதனை மிருக வைத்தியரிடம் செய்விக்கலாம். செய்விக்காதார் விட்ட குட்டிகள், ஓராண்டுக்குள் தாமும் குட்டியீன்று அச்சந்தையடியிலேயே திரிகின்றன.