நர்ஸ் கேட்கும் நான்கு கேள்விகள்

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் குடியிருக்கும் நமக்கு நோய் வந்தால் துன்பம் இரண்டு. ஒன்று நோய், மற்றொன்று மொழி. சாதாரணக் காய்ச்சலுக்கு அரைகுறை இந்தியும் கைச்சாடையும் போதும். ஆனால் உயிருக்குப் போராடும் ஒருவரைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்க்கும்போது, ஒரு சொல் தவறினால் கிடைத்தற்கரிய நேரம் வீணாகிவிடும். ஐ.சி.யு. என்று யாவரும் கூறும் அவ்வறையினுள்ளே நடப்பது யாது, கதவுக்கு வெளியே நிற்கும் நாம் செய்யக்கூடிய உதவி யாது என்பவற்றை நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிந்திருத்தல் நலம். நான் மருத்துவம் பயின்றவனல்லன், ரயில்வே குமாஸ்தா. நூல்களில் படித்ததையும், ஆஸ்பத்திரி வராந்தாக்களில் காத்திருந்த வேளைகளில் நர்ஸுகளிடம் கேட்டறிந்ததையும் தொகுத்துக் கூறுகிறேன்.

அவ்வறை பிறந்த கதை

1952-ஆம் ஆண்டு டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளை வாதம் கடுமையாகப் பரவிற்று. மூச்சுத் தசைகள் செயலிழந்து பலர் மாண்டனர். பியோர்ன் இப்சன் என்னும் மயக்க மருந்து நிபுணர், நோயாளியின் தொண்டையில் துளையிட்டுக் குழாய் பொருத்தி, ரப்பர்ப் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் முறையைக் கையாண்டார். போதிய இயந்திரங்கள் இல்லாமையால், ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து இரவும் பகலும் பையை அழுத்தினர். அம்முறையினால் இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. 1953-இல், கடும் நோயாளிகளை ஓரிடத்தில் வைத்து இடைவிடாது கண்காணிக்கும் பிரிவு ஒன்றை இப்சன் அந்நகரில் தொடங்கினார்.

இன்று இயந்திரங்கள் பெருகிவிட்டன. எனினும் அடிப்படை மாறவில்லை. யாரேனும் ஒருவர் அருகிலேயே இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த ஒருவர்தாம் நர்ஸ்.

நர்ஸின் காவல்

டாக்டர் வந்து பார்த்து, உத்தரவு எழுதிவிட்டு, அடுத்த நோயாளியிடம் செல்வார். நர்ஸோ கட்டிலருகில் நின்று நாடி, மூச்சு, ரத்த அழுத்தம், வெப்பம், ரத்தத்திலுள்ள பிராணவாயு, சிறுநீர், உணர்வு ஆகியவற்றை மணிக்கு மணி குறித்து வருவார். நலமுள்ள பெரியவருக்கு ஓய்வில் நாடி நிமிஷத்துக்கு 60 முதல் 100 வரை. மூச்சு 12 முதல் 20 வரை. மூச்சின் எண்ணிக்கை 24, 28 என்று ஏறுவது பல சமயங்களில் வரவிருக்கும் ஆபத்தின் முதல் அறிகுறியாகும். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தால், சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் செல்லவில்லையோ என்று நர்ஸ் ஐயுற்று டாக்டரை அழைப்பார்.

உணர்வு நிலையை அளப்பதற்கு, கிளாஸ்கோ நகரத்து டாக்டர்களான டீஸ்டேலும் ஜென்னட்டும் 1974-இல் வெளியிட்ட அளவுகோல் உள்ளது. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் இடுவர். உச்சம் 15; தாழ்வு 3. இங்கேதான் நம் மொழி குறுக்கிடுகிறது. தமிழ் மட்டுமே அறிந்த பாட்டி தெளிவாகத்தான் பேசுவார். மொழி அறியாத நர்ஸுக்கு அது பிதற்றலாகத் தோன்றக்கூடும். உண்மையிலேயே பிதற்றத் தொடங்கினாலோ, அதுவும் அவருக்கு விளங்காது. "பாட்டி சரியாகப் பேசுகிறார்" என்றோ, "இது இவர் வழக்கமாகப் பேசும் பேச்சன்று" என்றோ சொல்லக்கூடியவர் நாமே.

மருந்தும் சரிபார்ப்பும்

அவ்வறையில் வழங்கும் மருந்துகள் கூரிய கத்தி போன்றவை. கிருமி நஞ்சேறி ரத்த அழுத்தம் விழும்போது நாரட்ரினலின் ரத்தக் குழாய்களை இறுக்கி அழுத்தத்தை உயர்த்தும். ஹெப்பாரின் ரத்தம் உறையாமல் தடுக்கும். அளவு மிஞ்சினால் ரத்தக் கசிவு உண்டாகும். இன்சுலின் மிகுந்தால் சர்க்கரை அளவு ஆபத்தாகத் தாழும். பொட்டாசியம் மருந்தைக் கலக்காமல் நேரே நரம்பில் செலுத்தினால் இதயமே நின்றுவிடும். ஆதலால் சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்னும் ஐந்தையும் நர்ஸ் சரிபார்க்கிறார். ஆபத்து மிகுந்த மருந்துகளை இரண்டு நர்ஸுகள் தனித்தனியே பார்ப்பதும் வழக்கம். இரு ஸ்டேஷன் மாஸ்டர்கள் பிரைவேட் நம்பர் பரிமாறிக்கொண்ட பின்பே வண்டிக்கு லைன் கிளியர் கொடுப்பதை ரயில்வே அன்பர்கள் அறிவர். நோக்கம் இரண்டிற்கும் ஒன்றே. மருந்தளவைக் கணக்கிடும் நர்ஸை நடுவில் அழைத்து, "எப்போது வீட்டுக்கு அனுப்புவீர்கள்?" என்று கேளாதிருப்பதும் நாம் செய்யும் உதவியேயாகும்.

நான்கு கேள்விகள்

நோயாளியைக் கொண்டு சேர்த்தவுடன் நர்ஸ் பெரும்பாலும் கேட்பவை நான்கு.

முதலாவது: எப்போது தொடங்கிற்று? வாய் கோணுதல், ஒரு கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். மூளையில் அடைத்த ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தைப் பொதுவாக நான்கரை மணி நேரத்துக்குள் செலுத்துகின்றனர். அந்நேரம், நோயாளி கடைசியாக நலமாயிருந்த வேளையிலிருந்து கணக்கிடப்படும். காலை ஆறு மணிக்கு எழுந்தபோது வாய் கோணியிருந்தால், இரவு பத்து மணிக்கு நலமாகப் படுத்தார் என்பதே பதில். சிகிச்சை கிடைக்க வேண்டுமென்னும் ஆசையால் நேரத்தைக் குறைத்துச் சொல்வது பெருந்தீங்கு. காலம் கடந்தபின் அம்மருந்து மூளையில் ரத்தக் கசிவை உண்டாக்கக்கூடும். காலம் கடந்தவர்களிலும் சிலருக்கு ஏற்ற வேறு சிகிச்சைகள் உண்டு.

இரண்டாவது: என்ன மருந்து உட்கொள்கிறார்? மாத்திரை அட்டைகளை அப்படியே கொண்டு செல்க. நாட்டு மருந்தையும் மறைக்கலாகாது. சர்க்கரை நோயாளி மாத்திரை விழுங்கிவிட்டு உண்ணாமலிருந்தால், ரத்தச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கிப் பக்கவாதம் போலவே தோன்றுவதுண்டு. ரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவருக்கோ, கட்டி கரைக்கும் மருந்து தகாமற் போகலாம்.

மூன்றாவது: எது ஒவ்வாது? பென்சிலின் போன்ற மருந்து ஒவ்வாதவருக்கு அதனைச் செலுத்தினால், சில நிமிஷங்களில் தொண்டை வீங்கி மூச்சு அடைபடக்கூடும். அப்போது தொடைத் தசையில் செலுத்தும் அட்ரினலின் ஊசியே உயிர் காக்கும்.

நான்காவது: கடைசியாக எப்போது உண்டார்? மூச்சுக் குழாய் செலுத்தும்போது வயிற்றிலுள்ள உணவு மேலேறி நுரையீரலுள் புகக்கூடும். "கொஞ்சம் கஞ்சிதான் குடித்தார்" என்பதும் சொல்லத் தக்க செய்தியே.

ஆஸ்பத்திரி சேரும் வரை

உணர்விழந்தவர் வாயில் தண்ணீரோ காப்பியோ ஊற்றலாகாது. ஒருவர் உணர்விழந்து, இயல்பான மூச்சும் இன்றிக் கிடந்தால், 112 அல்லது 108-க்கு ஒருவர் தொலைபேசி செய்ய, மற்றொருவர் உடனே மார்பின் நடுவில் இரு கைகளையும் வைத்து அழுத்துதல் வேண்டும். ஆழம் ஐந்து சென்டிமீட்டர். வேகம் நிமிஷத்துக்கு 100 முதல் 120 வரை. பிராணவாயு அறவே செல்லாவிடின் நான்கைந்து நிமிஷங்களில் மூளை கெடத் தொடங்கும் என்பதால், ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா நிற்கலாகாது. ஓடும் ரயிலில் ஆபத்து நேர்ந்தால் 139-ஐ அழைக்கலாம். டிக்கெட் பரிசோதகரிடமும் உடனே தெரிவிக்கலாம்.

ஒரு தாள் போதும்

நெருக்கடி வேளையில் நினைவு கலங்கும். கற்ற மொழியும் நாவில் வாராது. ஆகவே வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் எழுதி வையுங்கள். முன்பக்கத்தில் பெயர், வயது, பழைய நோய்கள், அன்றாட மருந்துகள், ஒவ்வாதவை ஆகியவற்றை உள்ளூர் மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுதுக. பின்பக்கத்தில் தாகம், வலி, மூச்சு முட்டுகிறது, குளிர்கிறது என்னும் தமிழ்ச் சொற்களை உள்ளூர் எழுத்தில் எழுதிப் பொருளும் குறித்திடுக. நள்ளிரவில் கண்விழித்து, "தாகம்" என்று முனகும் முதியவரின் சொல், அத்தாளின் வழியே நர்ஸுக்கு எட்டும்.

அடுத்த மாதக் கூட்டத்திற்கு ஒவ்வொரு குடும்பத்தாரும் தமிழில் எழுதிய தாளுடன் வருவாராயின், உள்ளூர்ப் பள்ளிகளில் பயிலும் நம் பிள்ளைகள் அங்கேயே அமர்ந்து மொழிபெயர்த்துத் தருவர். எழுதிய தாளை ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்க. மருந்து மாறுந்தோறும் தாளையும் மாற்றுக.