நூறு நாள் கூலிக் கடன்



கடன் என்றால் என்ன என்று தோட்டத்து மக்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு நிறுத்தும் வரை, நம் முன்னோரில் பலர் கங்காணியிடம் வாங்கிய முன்பணத்தோடுதான் கப்பலேறினார்கள். வந்த பிறகு சாமான் கடைப் புத்தகம், சீட்டு, வட்டி என்று அது வளர்ந்தது. ஆகவே இயேசுநாதர் கற்பித்த ஜெபத்தில், மன்னிப்புக் கேட்கும் இடத்தில் மத்தேயு 'கடன்' என்ற சொல்லையே எழுதியிருப்பது நமக்கு எளிதில் விளங்கும். இயேசு பேசிய அரமேய மொழியில் கடனையும் பாவத்தையும் ஒரே சொல் குறித்தது. மன்னிப்பது என்றால் புத்தகத்தில் உள்ள கணக்கை அடித்துவிடுவது என்றே அந்த மக்கள் எண்ணினார்கள்.

மத்தேயு 18ஆம் அதிகாரத்தில் ஒரு கதை வருகிறது. சகோதரனை எத்தனை முறை மன்னிக்க வேண்டும், ஏழு முறையா என்று பேதுரு கேட்கிறார். ஏழெழுபது முறை என்று சொல்லி இயேசு இந்தக் கதையைச் சொல்கிறார். ஓர் ஊழியன் அரசனுக்குப் பதினாயிரம் தாலந்து கடன்பட்டிருந்தான். கட்ட வழியில்லை. காலில் விழுந்தான். அரசன் இரங்கி முழுக் கடனையும் தள்ளிவிட்டான். வெளியே வந்தவன், தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் வாங்கியிருந்த உடன் வேலைக்காரனைக் கண்டதும் கழுத்தைப் பிடித்தான். அவன் கெஞ்சியும் கேளாமல் சிறையில் போட்டான்.

இங்கேதான் நம் பிள்ளைகள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மலேசியாவில் வெள்ளி என்றால் ரிங்கிட். நூறு வெள்ளிக்காகவா இவ்வளவு சண்டை என்று வகுப்பில் சிரிப்பு எழும். ஆனால் வேதம் சொல்லும் வெள்ளிப்பணம் ஒரு நாள் கூலி. திராட்சத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பேசப்பட்ட நாள் சம்பளமும் அதுவே என்று அதே மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் காணலாம். அப்படியானால் நூறு வெள்ளிப்பணம் என்பது நூறு நாள் பெரட்டுக்குப் போய்ச் சம்பாதிப்பது. ஒரு குடும்பத்துக்கு இது சின்னத் தொகையா? தாலந்து ஒன்று ஏறக்குறைய ஆறாயிரம் நாள் கூலி. பதினாயிரம் தாலந்து ஆறு கோடி நாள் கூலி. ஆண்டுக்கு முந்நூறு நாள் உழைத்தாலும் இரண்டு இலட்சம் ஆண்டுகள் ஆகும்!

அரசன் தள்ளிய கடனைக் கட்டியே தீர்க்க முடியாது. ஆனால் நாம் ஒருவருக்கொருவர் பட்ட கடன் அற்பமானது என்று கதை சொல்லவில்லை. நூறு நாள் கூலியை விட்டுக்கொடுப்பது வலிக்கும். வலிக்காது என்று சொல்லும் பிரசங்கத்தை நாம் நம்புவதில்லை.

அடுத்து, சோதனை. நம் பள்ளிகளில் பரீட்சைக்கும் இதே சொல்தான். வேதத்தில் அது ஒருவனின் உறுதியைப் பார்ப்பதையும், அவனைத் தீமைக்கு இழுப்பதையும் சேர்த்தே குறிக்கும். இயேசுவின் ஜெபத்தைக் கவனியுங்கள். சோதனையை வெல்லப் பலம் தா என்று அது கேட்கவில்லை. அந்த வழிக்கே எங்களைக் கொண்டுபோகாதே என்று கேட்கிறது. மனிதனின் பலவீனம் தெரிந்த ஜெபம் அது.

இதே கோரிக்கையைக் கிள்ளான் தோட்டத் தொழிலாளர்களும் ஒரு முறை எழுப்பினார்கள். 1941இல் இந்த வட்டாரத்தில் நடந்த பெரிய வேலை நிறுத்தத்தில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தையும் நீக்கச் சொன்னார்கள். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் உயிர்களும் போயின. குடிக்கிறவனைத் திட்டுவது எவருக்கும் எளிது. அவன் லயத்துக்குத் திரும்பும் பாதையிலேயே கடையைத் திறந்து வைத்தவரை அந்தத் தொழிலாளர்கள் கேள்வி கேட்டார்கள்.

மன்னிப்பு என்ற பெயரில் நடக்கும் ஓர் அநியாயத்தையும் சொல்ல வேண்டும். கணவன் குடித்துவிட்டு அடிக்கிறான். பொறுத்துப் போ, மன்னித்துவிடு என்று பெண்ணுக்குத்தான் புத்தி சொல்கிறார்கள். கதையில் கணக்கைத் தள்ளும்படி யாரை எதிர்பார்க்கிறார்கள்? சிறையில் போடும் அதிகாரம் உள்ளவனை. அடி வாங்குகிறவள் வெளியே போய் உதவி கேட்பதை இந்தக் கதை தடுக்கவில்லை. சகேயு என்ற வரி வசூலிப்பவன் மனம் மாறியபோது, அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவேன் என்றான். லூக்கா 19ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வீட்டுச் சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தவன் மன்னிப்புக் கேட்டு வந்தால், அடுத்த மாதச் சம்பளம் யார் கைக்குப் போக வேண்டும் என்பதையும் சேர்த்துப் பேசுவது நல்லது.

எத்தனை முறை என்று கணக்குக் கேட்ட பேதுருவே பின்னொரு இரவில், அந்த மனிதனை அறியேன் என்று மூன்று முறை மறுதலித்தார். பிறகு கடற்கரையில் இயேசு அவரிடம் அன்பைப் பற்றி மூன்று முறை கேட்டு, மூன்று முறையும் தம் ஆடுகளை அவர் பொறுப்பில் விட்டார்.

ஊழியன் கதையில் ஒன்று மட்டும் பாக்கி நிற்கிறது. இரக்கமற்றவனை அரசன் தண்டித்தான் என்று வருகிறது. நூறு வெள்ளிப்பணம் வாங்கிச் சிறைக்குப் போனவன் என்ன ஆனான், அவனை யாராவது வெளியே கொண்டுவந்தார்களா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். மத்தேயு அதை எழுதவில்லை.