சேமிப்புப் பெட்டியும் புதிய இயங்குதளமும்

சேலம், நாமக்கல் சமவெளியில் இக்காலத்துக் கணினியின்றி நடைபெறும் தொழில் அரிது. நாமக்கல் லாரி அலுவலகங்களின் நடைக் கணக்கும், திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்களின் பில்களும், ஆத்தூர்ப் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் மூட்டைக் கணக்கும், பள்ளி கல்லூரிகளின் மாணவர் பதிவேடுகளும் இன்று கணினியிலேயே உறைகின்றன. பல கணினிகள் உள்ள இடத்தில், எல்லோரும் எடுத்தாளும் பொருட்டுக் கோப்புகளை ஒரு சிறு பெட்டியில் தொகுத்து வைப்பதும் உண்டு. உள்ளே ஒன்றோ பலவோ ஹார்டு டிஸ்க்குகளைக் கொண்டு, ரவுட்டரோடு கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும் அப்பெட்டியை ‘நாஸ்’ என்று வழங்குவர்.

விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் அளித்துவந்த பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிவுற்றது. அதனை முன்னிட்டு விண்டோஸ் 11-க்கு மாறியோர்க்கு நேரும் தொல்லை ஒன்றுண்டு. நேற்றுவரை திறந்த பெட்டி இன்று திறவாது. ‘பாதை காணப்படவில்லை’ என்றோ, ‘விருந்தினர் நுழைவு தடுக்கப்பட்டது’ என்றோ பொருள்படும் அறிவிப்புத் திரையில் தோன்றும். பல்லாண்டுக் கணக்கு அழிந்ததோ என்று உள்ளம் துணுக்குறும். அத்தருணத்தில் செய்யத்தக்கது யாது, செய்யத்தகாதது யாது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

செய்யத்தகாததை முதற்கண் கூறுவோம். பெட்டியிலுள்ள டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸ் கணினியில் நேரே மாட்டிப் பார்த்தல் ஆகாது. இவ்வகைப் பெட்டிகளிற் பெரும்பாலானவை லினக்ஸ் இயங்குதளத்தால் நடப்பவை. அவை கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை விண்டோஸ் அறியாது. அறியாத டிஸ்க்கைக் கண்டதும், ‘இதனை ஃபார்மேட் செய்யலாமா?’ என்று அது வினவும். ஆம் என்று விடையளித்தால், அதுவரை பழுதின்றி இருந்த கணக்கு அப்போதுதான் அழியத் தொடங்கும். இயங்குதளம் மாறியபின் பெட்டி திறவாமைக்குப் பெரும்பாலும் காரணம் உள்ளிருக்கும் பொருள் கெட்டமையன்று. கதவின் பூட்டு மாறியமையே.

பூட்டு ஏன் மாறிற்று? கணினிகள் தம்முள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறைக்கு எஸ்.எம்.பி. என்பது பெயர். 1980-களின் முற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனத்தில் பாரி ஃபைகன்பாம் என்பவர் இதனை வகுத்தார். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்பவர் இந்நெறிமுறையைப் பிற இயங்குதளங்களிலும் வழங்கச் செய்து, 1992-ல் வெளியிட்ட மென்பொருளே பின்னர் ‘சாம்பா’ எனப் பெயர் பெற்றது. நாம் கூறிய பெட்டிகள் பலவற்றுள் இயங்குவதும் அதுவே. ஓர் அறைக்குள் இருக்கும் சில கணினிகள் ஒன்றையொன்று நம்பிய காலத்தில் பிறந்தமையால், எஸ்.எம்.பி.யின் முதற்பதிப்பில் காவல் குறைவு.

அக்குறையின் பயனை உலகம் 2017 மே 12-ஆம் தேதி கண்டது. அன்று பரவிய ‘வான்னாக்ரை’ என்னும் தீநிரல், விண்டோஸில் முதற்பதிப்பு எஸ்.எம்.பி.யைக் கையாளும் பகுதியில் இருந்த ஓட்டை வழியே கணினிக்குக் கணினி தானே தாவிச் சென்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் அதற்கு இரையாயின. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்ப நேர்ந்தது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகள் சிலவும் முடங்கின. அவ்வாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல், புதிதாக நிறுவப்படும் கணினிகளில் அம்முதற்பதிப்பு இயல்பாக இடம்பெறுவதில்லை.

2024 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு, அலுவலகங்களுக்கும் கல்விக்கூடங்களுக்கும் உரிய வகைகளில் மேலும் இரண்டு விதிகளை இயல்பாக்கிற்று. ஒன்று, பெயரும் கடவுச்சொல்லும் இன்றி விருந்தினராக நுழைதல் கூடாது. மற்றொன்று, அனுப்பப்படும் ஒவ்வொரு செய்தியும் கையொப்பமிடப்பட்டிருத்தல் வேண்டும். இக்கையொப்பம் யாதெனின், நாமக்கல் டேங்கர் லாரிகளுக்கு இடப்படும் சீல் போன்றது. சரக்கேற்றிய இடத்தில் இட்ட சீல் இறக்குமிடத்தில் குலையாதிருந்தால், வழியில் எவரும் கைவைக்கவில்லை என்பது உறுதி. இந்தச் சீலை ஆக்குதற்குரிய திறவுகோல் கடவுச்சொல்லின் வழியாகவே பிறக்கிறது. ஆதலின், கடவுச்சொல் இல்லாத விருந்தினர் கையொப்பமிட இயலாது, கதவு திறவாது.

இனி, பழுதை ஆராயும் முறையைக் கூறுவோம். ஐயங்களை ஒவ்வொன்றாக விலக்கிச் செல்லுதலே இதன் சூத்திரம்.

முதலாவது, பெட்டி உயிரோடிருக்கிறதா என்று காண்க. பிரௌசரில் பெட்டியின் ஐ.பி. முகவரியை இட்டால் அதன் அமைப்புப் பக்கம் தோன்ற வேண்டும். தோன்றாவிடில் மின்சாரம், கம்பி, ரவுட்டர் ஆகியவற்றை நோக்குக. ரவுட்டர் பெட்டிக்கு வேறு எண்ணை வழங்கியிருத்தலும் கூடும்.

இரண்டாவது, பெயர் வழியே திறவாத பெட்டி எண் வழியே திறக்கிறதா என்று காண்க. இரு பின்சாய்கோடுகளை இட்டு அதன்பின் ஐ.பி. முகவரியை எழுதித் திறக்கலாம். திறந்தால், குறை பெயரறிதலில் மட்டுமே உள்ளது. ரவுட்டரில் அவ்வெண்ணைப் பெட்டிக்கே நிலைப்படுத்திவிட்டு, எண்ணைக் கொண்டே டிரைவை இணைத்துக்கொள்க. அலுவலக வலையமைப்பைக் கணினி ‘பொது’ எனக் கருதியிருந்தால் ‘தனியார்’ என மாற்றுக.

மூன்றாவது, பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் ஒவ்வொருவர்க்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் உண்டாக்குக. கணினியைத் திறக்க இடும் நான்கிலக்கப் பின் எண் இங்கே பயன்படாது. விண்டோஸின் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் பழைய பதிவு இருப்பின், அதனை நீக்கிவிட்டுப் புதியதைப் பதிக.

நான்காவது, பெட்டியின் மென்பொருளைப் புதுப்பித்து, எஸ்.எம்.பி.யின் கீழெல்லையை இரண்டாம் பதிப்பாகவும் மேலெல்லையை மூன்றாம் பதிப்பாகவும் வைத்து, கையொப்பத்தையும் இயக்குக. தொல்லைகளிற் பெரும்பாலானவை இவ்வளவில் தீரும்.

ஐந்தாவது, பெட்டி முதற்பதிப்பை மட்டுமே அறிந்த பழம்பெட்டியாயின், அதன் காலம் முடிந்தது என்க. அதன் யூ.எஸ்.பி. துளையில் வெளி டிஸ்க்கை மாட்டி அனைத்தையும் படியெடுக்கலாம். அது கூடாதாயின், பெட்டியையும் ஒரே ஒரு கணினியையும் இணையத்தினின்றும் பிற கணினிகளினின்றும் பிரித்து, அக்கணினியில் முதற்பதிப்பைச் சிறிது நேரம் இயக்கிப் படியெடுத்தபின் மீண்டும் நீக்கிவிடுக.

இவ்விடத்தில் ஒரு குறுக்குவழி நம்மை அழைக்கும். விண்டோஸில் கையொப்ப விதியைத் தளர்த்தி, விருந்தினர் நுழைவை அனுமதித்து, முதற்பதிப்பையும் நிலையாக இயக்கிவிட்டால், ஐந்து நிமிடத்தில் பெட்டி திறந்துவிடும். வேலை நடந்ததென்று அனைவரும் மகிழ்வர். ஆயினும், அலுவலகத்திலுள்ள ஒரு கணினியில் தீநிரல் புகுந்தால், பெட்டியிலுள்ள கணக்கனைத்தையும் அது பூட்டிவிடுதற்கு அன்று திறந்த அக்கதவே வழியாகும். பழைய பெட்டிக்காகக் கணினியின் காவலைத் தாழ்த்துவதினும், கணினியின் விதிக்குப் பெட்டியை உயர்த்துவதே அறிவுடைமை.

இன்னுமொன்று. பெட்டியில் இருப்பது ஒரே படியாயின் அது காப்பு ஆகாது. இயங்குதளத்தை மாற்றுமுன், அனைத்தையும் வெளி டிஸ்க்கொன்றில் படியெடுத்து, அதனைக் கம்பியினின்றும் கழற்றி வேறிடத்தில் வைத்தல் வேண்டும். பிறர் கணக்கையும் மாணவர் பதிவேட்டையும் பொறுப்பேற்று நிற்கும் நம் மாணவர்க்கும் பழைய மாணவர்க்கும் இது தொழில்நுட்பம் மட்டுமன்று, கடமையுமாகும். படியொன்று கைவசம் இருப்பின், பூட்டு எத்துணை முறை மாறினும் அஞ்சாது நின்று காரணத்தை ஆராயலாம்.