வருடியின் உள்ளே

தில்லியில் ஜன்பத் சாலையும் கர்த்தவ்யப் பாதையும் சந்திக்கும் இடத்தில், சிவப்பும் வெண்மஞ்சளுமான கற்களால் ஆன பெரிய கட்டடம் ஒன்று நிற்கிறது. அதுவே இந்திய தேசிய ஆவணக் காப்பகம். 1891ஆம் ஆண்டு கல்கத்தாவில் தோன்றிய அரசு ஆவணத் துறை, தலைநகர் மாறியபின் தில்லிக்கு வந்தது. 1926இல் இக்கட்டடம் அதற்கு இருப்பிடமாயிற்று. தாள், பனையோலை, பூர்ச்சமரப் பட்டை எனப் பலவகை ஏடுகள் இங்கே காக்கப்படுகின்றன. பக்கக் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 34 கோடி. இவற்றைப் படமாக்கி, 'அபிலேக் படல்' என்னும் இணையவாயில் வழியே யாவரும் காணச் செய்யும் பணி 2015 முதல் நடந்து வருகிறது.

ஒரு பக்கத்தைப் படமாக்கப் பத்து நொடி ஆகும் எனக் கொள்வோம். ஒரே கருவி இரவு பகல் ஓயாமல் உழைத்தாலும் 34 கோடிப் பக்கங்களை முடிக்க 107 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நிமிடத்திற்கு அறுபது தாள்களை இழுத்துப் படமெடுக்கும் விரைவுக் கருவியோ ஏறத்தாழ பதினோர் ஆண்டுகளில் முடித்துவிடும். அவ்வாறாயின் விரைவுக் கருவியையே பயன்படுத்தலாமே என்று தோன்றும். அதற்கு விடை அக்கருவியினுள் சுழலும் உருளைகளில் இருக்கிறது.

தாளைப் படமாக்கும் இக்கருவிக்குத் தமிழில் 'வருடி' என்று பெயர். வருடுதல் என்பது மென்மையாகத் தடவுதல். குழந்தையின் தலையைத் தாய் வருடுவது போலத் தாளின் மேல் ஒளி ஊர்ந்து செல்வதால் அப்பெயர் பொருந்திற்று. ஆங்கிலப் பெயரைக் காட்டிலும் இதுவே கருவியின் செயலை நன்கு உணர்த்துகிறது எனலாம்.

நிழற்படக் கருவி ஒரு காட்சியை ஒரே நொடியில் முழுமையாகப் பதிவு செய்கிறது. வருடி அவ்வாறு செய்வதில்லை. அது ஒரு நேரத்தில் ஒரே ஒரு கோட்டை மட்டுமே காண்கிறது. தாளின் அகலத்திற்கு நுண்ணிய ஒளியுணரிகள் வரிசையாக அமைந்துள்ளன. முதற்கோட்டைப் பதிவு செய்தபின் அவ்வரிசை ஒரு மயிரிழை அளவு நகர்ந்து அடுத்த கோட்டைக் காணும். இவ்வாறு பல்லாயிரம் கோடுகள் அடுக்கப்பட்டு ஒரு பக்கம் உருவாகிறது. ஆகவே வருடியில் எது நகர்கிறது, எவ்வளவு துல்லியமாக நகர்கிறது என்பதே படத்தின் தரத்தை முடிவு செய்கிறது. கண் எவ்வளவு கூர்மையாக இருந்தாலும் கால் தடுமாறினால் எழுத்து கோணும்.

நகர்வுக்கு இரு வழிகள் உண்டு. தாள் அசையாதிருக்க, கண் நகரலாம். கண் அசையாதிருக்க, தாள் நகரலாம். உலகில் முதன்முதலாகக் கணினிக்குள் ஒரு படத்தைச் செலுத்திய கருவி இரண்டாம் வழியைப் பின்பற்றியது. 1957இல் அமெரிக்காவில் ரசல் கிர்ஷ் என்பவரும் அவர்தம் குழுவினரும் தம் ஆய்வுக்கூடத்தில் ஓர் உருளையின் மேல் நிழற்படத்தைச் சுற்றி, அவ்வுருளையைச் சுழலவிட்டு, ஒளிப்புள்ளி ஒன்றால் அதனைப் படித்தனர். கிர்ஷின் மூன்று மாதக் குழந்தையின் படம் அது. நீளத்தில் 176, அகலத்தில் 176 என்ற அளவில் 30,976 புள்ளிகளே அதில் இருந்தன. இன்று பள்ளி அலுவலகத்தில் உள்ள சிறு வருடி, அங்குலத்திற்கு 300 புள்ளி என்ற அளவில் ஒரு தாளின் ஒரு கோட்டில் மட்டும் 2,480 புள்ளிகளைப் பதிவு செய்கிறது.

முதலில் கண்ணாடிப் பரப்புடைய தட்டை வருடியைக் காண்போம். மூடியைத் திறந்தால் கண்ணாடிக்குக் கீழே, குறுக்கே கிடக்கும் ஒரு நீண்ட சட்டம் தெரியும். இதனை ஊர்தி என்று அழைக்கலாம். ஒளிதரும் விளக்கும் ஒளியுணரிகளும் இவ்வூர்தியின் மேல் பயணம் செய்கின்றன. வழுவழுப்பான எஃகுத் தண்டு ஒன்று ஊர்திக்குத் தண்டவாளமாக அமைகிறது. இருபுறமும் தண்டு வைத்தால் உறுதி கூடும் என்று எண்ணுவது இயல்பே. ஆனால் இரு தண்டுகள் இம்மியும் பிசகாமல் இணையாக இல்லாவிடில் ஊர்தி நடுவழியில் இறுகி நின்றுவிடும். எனவே பல கருவிகளில் ஒரு பக்கம் தண்டும், மறுபக்கம் வெறும் வழுக்குப் பரப்பும் வைக்கப்படுகின்றன. தண்டு வழி காட்டும். மறுபக்கம் பாரத்தைத் தாங்கினால் போதும்.

ஊர்தியை இழுப்பது பற்கள் கொண்ட பட்டை. சாதாரணப் பட்டை கப்பியின் மேல் சற்றே வழுக்கக்கூடும். கிணற்றில் நீர் இறைக்கும்போது கயிறு விரலளவு வழுக்கினால் கேடில்லை. இங்கு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் வழுக்கினாலும் எழுத்து நெளியும். பட்டையின் பற்கள் கப்பியின் பற்களோடு பொருந்துவதால் வழுக்கலுக்கு இடமில்லை. பட்டை தொய்ந்துவிடாதபடி ஒரு முனையில் சுருள்வில் இழுத்துப் பிடிக்கிறது.

பட்டையைச் சுழற்றுவது ஸ்டெப்பர் மோட்டார். மின்விசிறி போல் இது தொடர்ந்து சுழல்வதில்லை. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் ஒரு படி மட்டும் திரும்பி நிற்கும். ஒரு படிக்கு 1.8 பாகை திரும்பும் மோட்டார் ஒரு முழுச் சுற்றுக்கு 200 படிகள் எடுக்கும். கணக்கு ஒன்று பார்க்கலாம். அங்குலத்திற்கு 600 கோடுகள் வேண்டுமாயின் ஒரு கோட்டிற்கும் அடுத்த கோட்டிற்கும் இடைவெளி ஏறத்தாழ 0.042 மி.மீ. பட்டையின் பற்களுக்கு இடையே 2 மி.மீ. தூரமும், கப்பியில் 20 பற்களும் இருந்தால், கப்பி ஒருமுறை சுழல ஊர்தி 40 மி.மீ. நகரும். மோட்டார் நேரே கப்பியைச் சுழற்றினால் ஒரு படிக்கு 0.2 மி.மீ. நகர்ந்துவிடும், அது மிகை. இடையே பற்சக்கரங்கள் வைத்து, மோட்டார் ஐந்து சுற்றுச் சுழன்றால் கப்பி ஒரு சுற்று என்று அமைத்தால் ஒரு படிக்கு 0.04 மி.மீ. ஆகிறது. இதுவே வேண்டிய அளவுக்கு அருகில் வருகிறது. எஞ்சிய சிறு வேறுபாட்டைப் பற்களின் எண்ணிக்கையை மாற்றியோ, ஒரு படியை மின்முறையில் மேலும் பகுத்தோ சரிசெய்வர்.

பற்சக்கரங்களுக்கு ஒரு குறை உண்டு. இரு சக்கரங்களின் பற்களுக்கிடையே சிறிது இடைவெளி இன்றியமையாதது. இன்றேல் அவை சுழலா. சுழலும் திசை மாறும்போது அவ்விடைவெளி கடக்கும் வரை மோட்டார் திரும்பும், ஊர்தியோ நகராது. இக்குறையை நீக்க வருடி எளிய வழியொன்றைக் கையாளுகிறது: எப்போதும் ஒரே திசையில் செல்லும்போது மட்டுமே படம் எடுக்கும். திரும்பி வரும்போது தொடக்க இடத்தைத் தாண்டிச் சிறிது பின்சென்று, மீண்டும் முன்வந்து, பற்கள் ஒன்றோடொன்று அழுந்திய பின்னரே தொடங்கும். வருடி இயங்கும்போது முதலில் கேட்கும் 'கிர்ர்' என்ற ஓசையும், ஊர்தி முன்னும் பின்னும் ஆடுவதும் இதன் பொருட்டாகவும் இருக்கலாம். கணினி மெதுவாகச் செயல்பட்டால், ஊர்தி நடுவழியில் நின்று, பின்வாங்கி, மறுபடி ஓடிவந்து விட்ட இடத்திலிருந்து தொடர்வதையும் காணலாம்.

பெரிய நகலெடுக்கும் கருவிகள் பலவற்றில் ஒளியுணரி நகர்வதில்லை. கண்ணாடிகள் மட்டும் நகர்ந்து ஒளியைத் திருப்பி வில்லைக்கு அனுப்பும். இங்கே ஓர் இடர் எழுகிறது. கண்ணாடி நகர நகர ஒளி செல்லும் தொலைவு மாறினால் படம் மங்கிவிடுமே! இதற்குக் கண்ட தீர்வு அழகானது. விளக்கும் முதற்கண்ணாடியும் ஓர் ஊர்தியில். மற்ற இரு கண்ணாடிகள் இன்னோர் ஊர்தியில். முதல் ஊர்தி 10 செ.மீ. சென்றால் இரண்டாவது 5 செ.மீ. மட்டுமே செல்லும். இரு ஊர்திகளுக்கும் இடையே தொலைவு 5 செ.மீ. கூடும், இரண்டாம் ஊர்திக்கும் வில்லைக்கும் இடையே 5 செ.மீ. குறையும். மொத்தத் தொலைவு மாறாது. சரியாகப் பாதி வேகத்தில் செல்ல இரண்டாவது மோட்டார் தேவையில்லை. இரண்டாம் ஊர்தியில் ஒரு கப்பியைப் பொருத்தி, அதனைச் சுற்றிவரும் கம்பியின் ஒரு முனையைக் கருவியின் சட்டத்திலும் மறுமுனையை முதல் ஊர்தியிலும் கட்டினால் போதும். அறிவியல் பாடத்தில் படிக்கும் நகரும் கப்பியே இது.

இனி, தாள் நகரும் வகைக்கு வருவோம். ஒரு கட்டுத் தாளை மேலே வைத்தால் ஒவ்வொன்றாக உள்ளிழுக்கும் கருவி இது. ஒன்றை மட்டும் எடுப்பது எளிதன்று. புதிய ரூபாய்த் தாள்களை எண்ணுபவர் இரண்டு ஒட்டிக்கொள்ளுமோ என்று விரல்களால் தேய்த்துப் பார்ப்பதைக் கண்டிருக்கலாம். கருவிக்கு விரல் இல்லை. உராய்வே அதன் விரல். மேலே உள்ள ரப்பர் உருளை தாளை முன்னே இழுக்கிறது. அதற்கு எதிரே அமைந்த மற்றோர் உருளை பின்னோக்கித் தள்ள முயல்கிறது. இந்த எதிர் உருளைக்கு ஓர் எல்லை விதிக்கப்பட்டுள்ளது: குறிப்பிட்ட விசைக்கு மேல் அழுத்தம் வந்தால் அது எதிர்ப்பை விட்டு முன்னோக்கிச் சுழலும். இடையே ஒரே தாள் இருக்கும்போது ரப்பருக்கும் தாளுக்கும் உள்ள உராய்வு மிகுதி. எதிர் உருளை பணிந்து முன்னே சுழல்கிறது. இரு தாள்கள் புகுந்தால், தாளுக்கும் தாளுக்கும் உள்ள உராய்வு குறைவு. எதிர் உருளை வென்று, தன் பக்கத்துத் தாளைப் பின்னே தள்ளிவிடுகிறது. இதையும் மீறி இரண்டு சென்றால் கண்டறிய, செவிக்கு எட்டாத ஒலியைத் தாளின் ஊடே செலுத்துவர். இரு தாள்களுக்கு இடையே உள்ள மெல்லிய காற்றுப் படலம் ஒலியை வெகுவாகத் தடுப்பதால் கருவி உடனே நின்றுவிடும். ஒட்டுப்போட்ட தாளை இரண்டு தாள் என்று எண்ணிச் சில வேளை ஏமாறுவதும் உண்டு.

தில்லியின் தட்பவெப்பம் இவ்வுருளைகளுக்கு உகந்ததன்று. வறண்ட நாட்களில் தாள்களில் நிலைமின்னூட்டம் ஏறி ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். ஆவணி மழையில் தாள் ஈரத்தை உறிஞ்சித் துவளும். மே மாதத்தில் 'ஆந்தி' எனப்படும் புழுதிக்காற்று சாளரத்தின் இடுக்குகளில் புகுந்து எங்கும் படியும். தூசி படிந்த ரப்பர் பிடிப்பை இழக்கும். மற்றொரு விளைவும் காணத்தக்கது. தட்டை வருடியின் கண்ணாடியில் ஒரு துகள் இருந்தால் படத்தில் ஒரு புள்ளி மட்டுமே விழும். தாள் இழுக்கும் கருவியில் அதே துகள், நிலையாக நிற்கும் கண்ணுக்கு எதிரே அமர்ந்தால், பக்கத்தின் தலை முதல் அடி வரை ஒரு நீண்ட கோடு விழும். நூறு பக்கங்களிலும் அதே இடத்தில் கோடு விழுந்தால், பழுது தாளில் இல்லை என்று அறியலாம். பஞ்சும் துடைப்புத் திரவமும் கொண்டு அந்தக் குறுகிய கண்ணாடியைத் துடைத்தால் கோடு மறையும்.

இப்போது காப்பகத்தின் தாள்களை எண்ணிப் பார்க்க வேண்டும். நூற்றாண்டு கடந்த தாள் மடித்த இடத்திலேயே ஒடியும். இரும்புச் சத்துள்ள பழைய மை, தான் எழுதப்பட்ட இடத்தையே அரித்துத் துளையிட்டிருக்கும். ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசி இருக்கும். இத்தகைய தாள் இரு உருளைகளின் இழுபறிக்கு நடுவே அகப்பட்டால் என்னாகும்? அலுவலகத்தில் மின்கட்டண ரசீது கிழிந்தால் மறுபடி அச்சிட்டுக் கொள்ளலாம். ஒரே படி மட்டும் உள்ள கடிதத்திற்கு மறுபடி இல்லை. இங்கே விரைவு என்பது கேடாக முடியும். வலுவான, பிற்காலத்துத் தாள்களுக்கு இழுக்கும் கருவி பொருந்தும், ஏனையவற்றுக்குப் பொருந்தாது. தட்டை வருடியும் கட்டிய நூல்களுக்கு நன்றன்று. நூலைக் கவிழ்த்து அழுத்தினால் முதுகுத் தையல் விடும். அழுத்தாவிடில் நடுப்பகுதி கண்ணாடியைத் தொடாமல் மங்கும்.

ஆகவே அரிய நூல்களுக்கு நூல் வருடி என்னும் வேறு கருவி உண்டு. இதில் நூல் மேல்நோக்கித் திறந்தபடி, 'வி' வடிவத் தொட்டிலில் சாய்ந்து கிடக்கும். முழுதாக விரிக்காமல் 90 முதல் 120 பாகை வரை மட்டும் திறப்பதால் முதுகு நோவதில்லை. அதே வடிவில் அமைந்த கண்ணாடி மேலிருந்து மெல்ல இறங்கிப் பக்கங்களைச் சமன் செய்ய, மேலேயுள்ள நிழற்படக் கருவிகள் இரு பக்கங்களையும் பதிவு செய்யும். நூலின் பக்கங்கள் புரளப் புரள இடப்புறம் தடித்து வலப்புறம் மெலியும் அல்லவா? அதற்கேற்பத் தொட்டில் பக்கவாட்டில் தானே நகர்ந்துகொள்ளும். கண்ணாடியின் பாரம் நூலின் மேல் விழாதபடி தராசுத் தட்டுப் போல் எதிர்எடை தாங்கும். பக்கத்தைப் புரட்டும் இயந்திரக் கைகளும் உண்டு. ஆயினும் ஒடியும் நிலையிலுள்ள நூல்களை மனிதர் கையாலேயே புரட்டுகின்றனர்.

பனையோலைக்கு இந்தத் தொட்டிலும் வேண்டுவதில்லை. ஓலை வளைந்திருக்கும், எழுத்தாணியின் கீறல் மங்கியிருந்தால் ஒளி பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். சமமான மேசை, மேலே நிலையாக நிற்கும் நிழற்படக் கருவி, இருபுறமும் விளக்கு. மோட்டார் இல்லை, பட்டை இல்லை, உருளை இல்லை. கட்டை அவிழ்த்து, ஓர் ஓலையை எடுத்து வைத்து, படம் பதிந்தபின் வரிசை மாறாமல் அடுக்கி, அடுத்ததை எடுக்கும் இரு கைகளே அங்கு நகரும் பாகங்கள்.