இணையவழிக் காரோட்டமும் பரிசுப் பங்கீடும்

விளையாட்டினை உழைப்புக்கும் ஊதியத்துக்கும் புறம்பானதாகக் கருதுவது நம்மிடையே வேரூன்றிய வழக்கம். ஆயின், பரிசுப் பணம் நுழைந்த கணமே எந்த விளையாட்டும் ஒரு பங்கீட்டு ஒழுங்கினைத் தன்னகத்தே கொண்டுவிடுகின்றது. யார் கொடுத்தனர், யார் பெற்றனர் என்ற வினா அதன்பின் தவிர்க்கவியலாதது. கணனித் திரையில் நிகழும் காரோட்டத் தொடர்களை இவ்வினாவின் ஊடாக அணுகுவது பயன்தரும் என எண்ணுகின்றோம்.

2017 ஜனவரியில் லாஸ் வேகாஸ் நகரில் போர்முலா ஈ அமைப்பினர் நடாத்திய கணனிக் காரோட்டத்தினை முதலில் எடுத்துக்கொள்வோம். மெய்யான பந்தயச் சாரதிகள் 20 பேரும், இணையவழித் தகுதிச் சுற்றுகளில் தேறிய 10 பேரும் அதில் பங்குபற்றினர். மொத்தப் பரிசு 10 இலட்சம் டொலர். முதலிடத்துக்கு 2 இலட்சம். கடைசியாக வருபவருக்கும் 20,000. முதலிற் கோட்டைக் கடந்தவர் பின்லாந்தின் ஒல்லி பாகலா. பார்வையாளர் வாக்கினாற் கிடைக்கும் மேலதிக வலு, மென்பொருட் கோளாறொன்றினால், விதிக்கப்பட்ட அளவினும் கூடுதலான நேரம் அவருக்குக் கிடைத்திருந்தமை பின்னர் தெரியவந்தது. 12 செக்கன் தண்டம் விதிக்கப்பட, அவர் மூன்றாமிடத்துக்கு இறங்கினார். நெதர்லாந்தின் போனோ ஹூய்ஸ் வெற்றியாளரானார்.

30 பேர் ஓடினாற்றான் அது பந்தயம் என்பதனைக் கடைசியாளுக்குரிய 20,000 டொலர் ஒப்புக்கொள்கின்றது. உச்சியிலோ பரிசின் ஏற்றம் செங்குத்தானது. எனவே, ஓட்டியவரின் தவறு அல்லாத ஒரு கோளாறு பெருந்தொகையினை ஒருவரிடமிருந்து மற்றவரிடம் மாற்றிவிட்டது.

செங்குத்தான பரிசுக்குப் பொருளியலாளர் காரணம் கூறுவர். 1981இல் லேசியரும் றோசனும் எழுதிய கட்டுரை, விளைவின் அளவுக்கன்றி வரிசையிற் பெறும் இடத்துக்கு ஊதியம் வழங்கும்போது, பரிசுகளுக்கிடையிலான இடைவெளியே முயற்சியைத் தூண்டுகிறது என வாதிட்டது. ஆனால், 1989இல் லேசியரே மறுபக்கத்தையும் காட்டினார்: இடைவெளி பெருகப் பெருக, தான் முன்னேறுவதைப் போலவே பிறரை வீழ்த்துவதும் இலாபகரமாகும். வளைவிற் சக ஓட்டுநரை இடித்துத் தள்ளுவதனைக் கண்டவர்களுக்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை. துண்டுக்கூலி உழைப்பாளரிடையே போட்டியை வளர்த்து, சிலரின் கூலியை உயர்த்தி, சராசரியைத் தாழ்த்த முனைகின்றது என்று மார்க்ஸ் 1867இல் கூறியது இவ்விடத்து மனங்கொள்ளத்தக்கது.

பெருநிறுவனத்தின் பணம் வராத சிறு தொடர்களில் நிலைமை மேலும் வெளிப்படையானது. 30 பேர் தலைக்கு 1,000 ரூபா நுழைவுக்கட்டணம் செலுத்துகின்றனர் எனக் கொள்வோம். திரளும் 30,000 ரூபாவை, 2010 முதல் போர்முலா வன்னில் வழங்கும் 25, 18, 15, 12, 10, 8, 6, 4, 2, 1 என்ற புள்ளிகளின் விகிதத்திற் பகிர்ந்தால், வெற்றியாளருக்கு ஏறத்தாழ 7,426 ரூபா கிடைக்கும். கட்டிய பணத்துக்கு மேலாகப் பெறுவோர் எண்மர் மாத்திரமே. ஒன்பதாம், பத்தாம் இடத்தவரும் நட்டப்படுவர். ஏனைய 20 பேருக்கு எதுவுமில்லை. சுருங்கக் கூறின், 22 பேர் எண்மருக்குப் பரிசளிக்கின்றனர். அவ்வெண்மரும் பெரும்பாலும் ஒவ்வொரு பருவத்திலும் அதே எண்மர்தாம்.

அவர்களது திறமையை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அத்திறமைக்குப் பின்னால் ஓய்வு நேரமும், விலையுயர்ந்த சுக்கானும், நல்ல இணைப்பும் உள்ளன. ஒளியிழையிற் சமிக்ஞை மில்லிசெக்கனுக்குச் சுமார் 200 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து ஏறத்தாழ 8,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஐரோப்பியச் சேவையகத்துக்குச் சென்று மீளக் குறைந்தது 80 மில்லிசெக்கன் வேண்டும். மணிக்கு 200 கிலோமீற்றர் வேகத்தில் அது நாலரை மீற்றர். ஒரு காரின் நீளம்! சமமற்றோர்மீது பிரயோகிக்கப்படும் சம உரிமை பற்றி 1875இல் எழுந்த விவாதம் பந்தயத் தடத்திலும் தொடர்கின்றது.

ஆகவே, கட்டணத்தின் அரைப்பங்கேனும், ஓடி முடித்த அனைவருக்கும் சமமாகத் திரும்பவேண்டும். எஞ்சியதைத் திறன்வாரியாகப் பிரித்த குழுக்கள் ஒவ்வொன்றினுள்ளும் மெல்லிய சரிவில் வழங்கலாம். இடித்தோருக்குத் தண்டம் புள்ளியில் இருக்க வேண்டுமேயன்றிப் பணத்தில் அன்று. பணத்தண்டம் வசதியுள்ளோருக்கு விலைச்சீட்டாகிவிடும்.

சிறந்த முடிவுகளை மட்டும் கணக்கிடும் வழமை, வேலைமுறை காரணமாக ஒரு வாரம் தவறுவோரைக் காக்கும். ஆனால் அதிலும் அவதானம் தேவை. 1988இல் அலன் புரொஸ்ற் மொத்தமாக 105 புள்ளிகளும் அயர்ட்டன் சென்னா 94 புள்ளிகளும் பெற்றனர். 16 பந்தயங்களிற் சிறந்த 11 மாத்திரமே எண்ணப்பட்டமையால், 90க்கு 87 என்ற கணக்கில் பட்டம் சென்னாவுக்குச் சென்றது. தவறவிட்டவரைக் காக்கும் விதி, தொடர்ந்து நன்கு ஓடியவரைத் தண்டிக்கவும் கூடும். 12 பந்தயத் தொடரில் இரண்டினை நீக்குவது போதுமென்பது எமது கருத்து.

வெற்றியைத் தனியுடைமையாகக் கொள்ளாத வழக்கம் புதியதன்று. ரூர் டி பிரான்ஸ் சைக்கிளோட்டத்தில் வென்றவர் தம் பரிசினைக் குழுவினரோடும் பணியாளரோடும் பகிர்வது நெடுநாள் மரபு. இணையத் தொடர்களிற் பகிரப்பட வேண்டியவர்களுள் முதல்வர், பந்தயம் முடிந்த இரவில் மோதல்களின் பதிவுகளை மீளமீளப் பார்த்துத் தீர்ப்பு வழங்கும் நடுவர்கள். பெரும்பாலும் அவர்கள் ஊதியமின்றியே உழைக்கின்றனர். முதற் பந்தயத்துக்கு முன்னரே ஓட்டுநர் அனைவரும் கூடி வாக்களித்துப் பரிசு அட்டவணையைத் தீர்மானிக்கும்போது, அதன் முதல் வரியில் நடுவரின் பங்கு எழுதப்பட வேண்டும்.