டையோடு மட்டும் போர்டைக் காப்பாற்றாது

ஒரகடம், வல்லம் வடகால், பிள்ளைப்பாக்கம் பக்கத்தில் ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யும் சின்னப் பட்டறைகளில், இடிமழைக்கு மறுநாள் சிஎன்சி மெஷின்கள் நின்றுபோவது வாடிக்கை. சர்வீஸ்காரர் புது போர்டை மாட்டுகிறார். எரிந்ததை எடுத்துப் போய்விடுகிறார். எதனால் எரிந்தது என்று ஒரு வரி எழுதி வாங்க யாருக்கும் தோன்றுவதில்லை.

மின்னலாலோ பெரிய மோட்டார் ஓடி நிற்பதாலோ லைனில் வோல்டேஜ் கண நேரம் எகிறும். இப்படி எகிறுவதை அடக்கவே செய்த, இருபக்கமும் கடத்தும் டிவிஎஸ் டையோடு அதைத் தன் வழியே திருப்பிவிடும். ஏசி லைனுக்கு இருபக்க வகைதான் வேண்டும். டையோடு எண்ணின் கடைசியில் ‘சிஏ’ இருக்கிறதா என்று பாருங்கள். வெறும் ‘ஏ’ ஒருபக்க வகை. ஏசியில் போட்டவுடன் எரியும்.

230 வோல்ட் லைன்தானே என்று 250 எண் போட்டதை வாங்கி வருபவர்கள் அதிகம். 230 வோல்ட் ஏசியின் உச்சம் 325. சப்ளை பத்து சதவீதம் ஏறினால் 358. ‘பி6கேஇ250சிஏ’ தாங்குவது 214 தான். ‘பி6கேஇ440சிஏ’ 376 வரை சும்மா இருக்கும். கடைக்காரர் சொல்வதை விடுங்கள், டேட்டாஷீட்டைப் பாருங்கள். டையோடு கெட்டால் பெரும்பாலும் ஷார்ட் ஆகும். முன்னால் ஃபியூஸ் இல்லாமல் போடவே கூடாது. டையோடின் கால்களைக் குட்டையாக வெட்டி, போர்டை ஒட்டியே வையுங்கள். மின்னலின் பெரிய அடியை மெயின் போர்டில் வைக்கும் எஸ்பிடி (சர்ஜ் தடுப்புக் கருவி) ஏற்க வேண்டும். எர்த் சரியில்லை என்றால் எஸ்பிடியும் வீண்.

நியூட்ரல் கட் ஆனால் டையோடு காப்பாற்றாது. அப்போது சிங்கிள் பேஸ் கருவிகளுக்கு 400 வோல்ட் வரை நிமிடக்கணக்கில் ஏறி நிற்கும். இந்த டையோடு 600 வாட்டைத் தாங்குவதோ ஒரு மில்லி செகண்டு அளவுக்குத்தான். நியூட்ரல் கட்டுக்கு ஓவர் வோல்டேஜ் ரிலே தனியாக வேண்டும். மறுபடி சொல்கிறேன்: நியூட்ரலுக்கு டையோடு மருந்தல்ல.

நியூட்ரல் கோளாறு மின்வாரிய லைனில் என்றால் அதன் புகார் மையமான மின்னகத்துக்கு (94987 94987) போன் செய்து புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லோடு விடாதீர்கள். பிரிவு அலுவலக உதவிப் பொறியாளருக்குக் கடிதம் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். “வைத்துவிட்டுப் போங்க” என்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். வேலை நடக்காவிட்டால் உங்கள் மின் பகிர்மான வட்டத்தின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அடுத்து சென்னையில் மின்குறை தீர்ப்பாளர். மின்சாரச் சட்டம் 2003, பிரிவு 42 தரும் வழி இது.

வீட்டு டிவி, பிரிட்ஜ் எரிந்தால் இழப்பீடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போகலாம். தொழிற்சாலை இணைப்பு என்றால் ‘வணிக நோக்கம்’ என்று தள்ளிவிடுவார்கள். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்று காட்டும் ஆவணம் கையில் இருக்கட்டும்.

வழக்கமான தீ விபத்துப் பாலிசி, மின்னலால் என்றாலும், மின் அழுத்தம் ஏறி எரிந்த கருவிக்கே பணம் தராது. எலக்ட்ரானிக் உபகரணப் பாலிசி தனி. புதுப்பிக்கும்முன் ஏஜென்டைக் கேளுங்கள். சர்வேயர் வந்து பார்க்கும்வரை எரிந்த போர்டை சர்வீஸ்காரரிடம் கொடுக்காதீர்கள். போட்டோவும், காரணம் எழுதிய சர்வீஸ் ரிப்போர்ட்டும் அதோடு இருக்க வேண்டும்.