விருந்தினர் அறையும் இழுப்புக் கட்டிலும்

ஊரிலிருந்து தொலைபேசியில், "வெள்ளிக்கிழமை ரயிலேறுகிறோம்" என்ற செய்தி வந்ததும், மும்பைப் பக்கம் வாழும் நம்மவர் இல்லங்களில் மகிழ்ச்சிக்கு அடுத்தபடியாக எழும் வினா, "எங்கே படுக்க வைப்பது?" என்பதுதான். அன்பிற்குப் பஞ்சமில்லை, இடத்திற்குத்தான் பஞ்சம். கல்யாணில் நான் குடியிருக்கும் ரயில்வே குடியிருப்பில், விருந்தினருக்கென்று ஒதுக்கக்கூடிய அறை பத்தடி நீளமும் எட்டடி அகலமும் உடையது. பகலில் குழந்தைகள் பாடம் படிப்பதும் அங்கேதான்.

சென்ற ஆண்டு என் மாமனார் சிகிச்சைக்காக வந்தார். பரேலில் மருத்துவரைக் கண்டுவிட்டு மாலையில் எங்கள் இல்லத்திற்குத் திரும்புவார். "மாப்பிள்ளை, தரையிலே பாயை விரித்தால் போதும், எனக்குப் பழக்கந்தான்" என்றார். நாங்களும் நம்பிவிட்டோம். மூன்றாம் நாள் இரவு தண்ணீர் குடிக்க எழுந்த என் மனைவி, அவர் சன்னற் கம்பியைப் பற்றிக்கொண்டு முழங்காலில் நின்றபடி எழ முயல்வதைக் கண்டாள். எவ்வளவு நேரமாக என்று கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. மறுநாளே கட்டில் தேடி உல்லாஸ்நகர் மரச்சாமான் கடைத்தெருவிற்குப் புறப்பட்டேன்.

முதலில் கண்ணைக் கவர்ந்தது சோபா-கம்-பெட். ஸ்லீப்பர் வண்டியில் பக்கக் கீழ்ப் படுக்கையில் பயணம் செய்தவர்களுக்கு அதன் குறையை நான் விளக்க வேண்டுவதில்லை. இரண்டு இருக்கைகளைச் சாய்த்து ஒன்றாக்கும் அந்த இணைப்பு, சரியாக இடுப்பிற்கு அடியில் வந்து நிற்கும். ஓர் இரவு பொறுக்கலாம். நோயாளி ஒரு மாதம் பொறுக்க முடியுமா?

அடுத்துக் கண்டது, இங்கே 'புல்-அவுட் திவான்' என்று விற்கப்படும் இழுப்புக் கட்டில். பகலில் ஒற்றைத் திவானாகச் சுவரோரம் கிடக்கும். இரவில் அதன் வயிற்றுக்குள்ளிருந்து இன்னொரு தாழ்ந்த கட்டில் உருண்டு வெளியே வரும். இது புதுமையன்று. இங்கிலாந்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே எஜமானர் கட்டிலின் கீழிருந்து இத்தகைய கட்டிலை இழுத்துப் பணியாள் படுப்பது வழக்கமாம். அதற்கு வழங்கிய 'ட்ரக்கிள்' என்ற பெயரே பிற்காலத்தில் ஆங்கிலத்தில் அடங்கிப்போதலைக் குறிக்கும் வினைச்சொல்லாயிற்று. எனவே ஒன்றை உறுதியாகக் கூறுவேன்: மேற்கட்டில் விருந்தினருக்கு, கீழ்க்கட்டில் வீட்டுக்காரருக்கு. கீழ்க்கட்டிலில் முதியவரைப் படுக்க வைப்பதும் தரையில் படுக்க வைப்பதும் ஏறத்தாழ ஒன்றே.

கடையிலிருந்த திவான்கள் பார்வைக்காகத் தாழ்வாகச் செய்யப்பட்டிருந்தன. ஆகவே ராஜஸ்தானத்துத் தச்சர் ஒருவரிடம் அளவு கொடுத்துச் செய்வித்தேன். தரையிலிருந்து மேற்சட்டத்தின் அடிவரை 11 அங்குலம். சட்டம் 3, மெத்தை 5. ஆக 19 அங்குல உயரம். மாமனார் நாற்காலியில் உட்காரும்போது அவருடைய பாதம் தரையில் பதியும் உயரத்தை அளந்துதான் இந்தக் கணக்கைப் போட்டேன். கீழ்க்கட்டிலுக்குச் சக்கரமும் பலகையுமாக 4 அங்குலம், மெத்தை 4. மேலே எஞ்சும் 3 அங்குலத்தில் போர்வை அடங்கும், தலையணை அடங்காது. தலையணைகளுக்கு உறை தைத்து, பகலில் திண்டாகச் சுவரில் சாத்திவிட்டோம்.

இங்கே இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். கீழ்க்கட்டில் மேற்கட்டிலின் கால்களுக்கிடையே நுழைய வேண்டியிருப்பதால் நீளத்தில் எப்போதும் குறைந்ததே. எங்களுடையதில் மெத்தை 69 அங்குலந்தான். ஆறடி மனிதருக்குக் கால் வெளியே நீளும். இரண்டாவது, முன்பக்கச் சட்டத்தின் நடுவே கால் வைக்க வழியில்லை. நான்கு பேர் அமர்ந்து பேசினால் வெறும் மரச்சட்டம் நாளடைவில் வளைந்து, கீழ்க்கட்டில் வெளியே வராமல் சிக்கிக்கொள்ளும். சட்டத்தின் உட்புறம் ஒன்றரை அங்குலச் சதுர இரும்புக் குழாயை ஓடவிட்டோம்.

மேசை இழுப்பறைபோல் சேனலில் பொருத்தித் தருவதாகத் தச்சர் கூறினார். நான் மறுத்து, தனித்து உருளும் ரப்பர்ச் சக்கரங்களே கேட்டேன். அவற்றுள் இரண்டிற்குப் பூட்டு. இதற்குக் காரணமுண்டு. சேனலில் ஓடும் கட்டில் மேற்கட்டிலை ஒட்டியே நிற்கும். நள்ளிரவில் முதியவர் காலைத் தொங்கவிட்டால், தரையில் அன்று, கீழே உறங்குபவர் மார்பில்தான் மிதிப்பார். தனித்து உருளும் கட்டிலை எதிர்ச்சுவர்வரை தள்ளிவிடலாம். எங்கள் அறையின் 96 அங்குல அகலத்தில் மேற்கட்டில் 38, கீழ்க்கட்டில் 34 போக, இடையே இரண்டடி வழி கிடைக்கிறது. கட்டில்களைச் சன்னற் பக்கமாகத் தள்ளிப் போட்டதால், வாசற் பக்கம் மூன்றரை அடிக்கு மேல் மிஞ்சி, கதவும் தடையின்றித் திறக்கிறது. வாங்குமுன் கதவு எப்பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். இதைக் கவனியாமல் வாங்கிய என் நண்பர் ஒருவர் வீட்டில், கட்டிலை இழுத்தால் கதவு திறவாது.

ஸ்பிரிங் விசையால் எழும்பி மேற்கட்டிலுக்குச் சமமாக நிற்கும் வகையும் உண்டு. தம்பதியர் வந்தால் உதவும். ஆனால் குழந்தைகளின் விரல் அந்த மடக்கில் அகப்படும் என்றஞ்சி விட்டுவிட்டேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கு பெய்யும் மழை நம் மெத்தைக்குப் பகைவன். காற்றுப் புகாமல் அடைந்து கிடக்கும் கீழ் மெத்தையில் பூஞ்சை பிடிக்கும். மூட்டைப்பூச்சிக்கும் அது நல்ல வீடு. ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட பிளைவுட் வாங்கி, அதில் ஓரங்குலத் துளைகள் இடச் செய்தேன். விருந்தினர் இல்லாவிட்டாலும் ஞாயிறுதோறும் கட்டிலை வெளியே இழுத்து, மெத்தையை நிமிர்த்தி வைக்கிறோம்.

அடுத்த மாதம் மாமனார் மறுபரிசோதனைக்கு வருகிறார். கீழ்க்கட்டிலில் தாத்தாவின் அருகே யார் படுப்பது என்று என் மகனுக்கும் மகளுக்கும் இப்போதே வழக்கு நடக்கிறது. நான் என் இடத்தை விட்டுக்கொடுப்பதாக இல்லை.